கிணற்றடிக்கு வந்த ஐயர்

ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே கிணறுதான். ஒரு மழைக்காலம் முடிந்ததும் அந்தத் தண்ணீரில் புளித்த நாற்றம் வரத் தொடங்கியது. ஆசிட் ஊற்றி உறையவைத்த ரப்பர் பாலைக் கழுவிய நீர், மேட்டிலிருந்த ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு குழியில் தேங்கி நின்றது. அதுதான் ஊறி இறங்குகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

எங்கள் மகன் அப்போது கைக்குழந்தை. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. என் மனைவி பீடோரில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போக டிரங்குப் பெட்டியை அடுக்கிவிட்டாள்.

"மாசக் கடைசில கெளம்புறேன். தண்ணி நல்லானா சொல்லி அனுப்புங்க, வாரேன்."

துரையிடம் முறையிடாமல் இல்லை. கோயில் கமிட்டி சார்பில் நான் போனேன். "மத்தவங்க யாரும் குறை சொல்லலையே" என்று அனுப்பிவிட்டார். தோட்டத்துக் கிறிஸ்தவ சபையாரைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் ஜெப நேரத்தில் எங்கள் திருவிழா மேளம் அடித்ததிலிருந்து இரு தரப்புக்கும் பேச்சு நின்றிருந்தது.

ஒரு சனிக்கிழமை, அடிவாரத்தில் மலாய்க்காரர்கள் வாழும் கிராமமான கம்பத்தின் தலைவர் எங்கள் மாட்டுவண்டிக்காரரிடம் சேதி சொல்லியனுப்பினார்: மறுநாள் காலை எல்லோரும் கிணற்றடியில் கூடவேண்டும், 'ஆயர்' விஷயம். மலாயில் ஆயர் என்றால் தண்ணீர். வாய்மாறி வாய்மாறி லயத்தின் கடைசி வீட்டுக்குப் போவதற்குள் அது ஐயர் ஆகிவிட்டது.

ஈப்போவிலிருந்து ஐயர் வந்து கிணற்றுக்குப் பூசை செய்யப்போகிறார் என்று எங்கள் பெண்கள் தேங்காய், பழம், சூடத்தோடு வந்தார்கள். சபையார் தங்கள் பாதிரியாரையும் ஐயர் என்றே சொல்வார்கள். அவர்கள் வெள்ளை உடுப்பில், பாட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தோம்.

"உங்க ஐயரு எங்கண்ணே?" என்று சபையின் மூப்பர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எங்க ஐயரா? உங்க ஐயருக்குத்தானே இவ்வளவு நேரம் வெயில்ல நிக்கிறோம்!" என்றேன்.

வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயரு இல்லலா, ஆயரு! தண்ணிலா, தண்ணி!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. விஷயம் புரிந்ததும் கம்பத்துத் தலைவர் எங்களைவிட அதிகமாகச் சிரித்தார். பிறகு தம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் காட்டினார். அதே நாற்றம். அவரும் துரையிடம் போயிருக்கிறார். மூப்பரும் போயிருக்கிறார். மூவருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்.

தேங்காயையும் பாட்டுப் புத்தகத்தையும் வைக்கக்கூட வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே மூன்று கூட்டமும் பங்களாவுக்கு நடந்தோம். துரை படியிலிறங்கி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பழைய பதிலை இனி யாரிடம் சொல்வது? குழியை மூடவும், கழிவுக்கு வேறு கால்வாய் வெட்டவும் சம்மதித்தார். சிமெண்டு தோட்டத்தினுடையது, உழைப்பு எங்களுடையது. கிணறுகள் இல்லாத சதுப்புப் பக்கமாகக் கால்வாய் போக, கம்பத்தார் தங்கள் நிலத்தில் வழி விட்டார்கள். ஞாயிறுதோறும் காலையில் நாங்களும் கம்பத்தாரும் வெட்டினோம். ஜெபம் முடிந்து சபையார் வந்து மண்வெட்டியை வாங்கிக்கொள்வார்கள். மேளம் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

மாசக் கடைசி வந்தது. என் மனைவி பெட்டியைப் பூட்டினாள், ஆனால் கிளம்பவில்லை. "கால்வா முடியட்டும், பாப்போம்" என்றாள்.

கால்வாய் முடிந்ததும் இரு கிணறுகளையும் சேறு தெரியும்வரை இறைத்தோம். ஊற ஊறப் பலமுறை இறைத்தபிறகு ஒருநாள் அவள் ஒரு சொம்பு மொண்டு முகர்ந்தாள். குடித்தாள். இன்னொரு முறை முகர்ந்தாள். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து சேலைகளைக் கொடியில் போட்டாள்.

பிறகு வாசலுக்கு வந்து குடத்தை என் கையில் கொடுத்தாள்.

"புள்ளய குளிப்பாட்டணும். போயி ஐயரு ரெண்டு கொடம் கொண்டாங்க."