அத்தையின் வெந்நீர் அண்டா

எங்கள் குளியலறையில் ஓர் அலுமினிய அண்டா இருக்கிறது. அதன் அடிப்பக்கக் கரி எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இப்போது அதில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். வெயில் நாளில் அதுவே சுடும். என் வலது கைக்குச் சூடும் தெரியாது, குளிர்ச்சியும் தெரியாது. அதனால் என் மகள்தான் முதலில் கையை விட்டுப் பார்த்து, "ஊத்திக்கோம்மா" என்பாள். எனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்றதும், பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர் காய்ச்ச என் மாமியார் வாங்கி வந்த அண்டா இது. நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

கல்யாணமான புதிதில் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. ரப்பர் உதிரி பாகங்களை விரல் நுனியால் தடவி, பிசிறு இருந்தால் தள்ளிவைக்க வேண்டும். ஒருநாள் விரலுக்கு எந்தப் பிசிறும் தட்டுப்படவில்லை. எல்லாம் நல்ல சரக்கு என்று சந்தோஷமாக அனுப்பிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்து கத்திய பிறகுதான் விரல் மரத்துப்போனது தெரிந்தது. அப்புறம் ஒரு கண் மங்கியது. சென்னையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்றார்கள். ஒயருக்கு மேலே இருக்கிற உறை பிய்ந்துபோகிற மாதிரி நரம்பின் உறை பழுதாகும் என்று டாக்டர் விளக்கினார். அத்தை அன்றைக்கே அதற்கு 'ஒயரு நோவு' என்று பெயர் வைத்துவிட்டார்.

எனக்குக் குழந்தை வேண்டும். அந்த ஒன்றை மட்டும் டாக்டரிடம் பிடிவாதமாகக் கேட்டேன். பெற்றுக்கொள்ளலாம், ஆனால் நான் சாப்பிடும் மாத்திரை கருவுக்கு ஆகாது என்றார். அதை நிறுத்தி, நோய் அடங்கியிருக்கிறதா என்று பார்த்து, அவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். வயிற்றில் இருக்கும்போது நோய் பெரும்பாலும் சும்மா இருக்கும், பிறந்த பிறகு வரும் மாதங்களில்தான் மறுபடி தலைதூக்கலாம் என்றும் சொன்னார். உடம்பு சூடானால் காலும் கண்ணும் தளர்ந்துபோகும், அதனால் வெந்நீர் கூடவே கூடாது என்றார். நாங்கள் காத்திருந்த காலத்தில், புதுவாயலில் எங்கள் தெருவில் ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று விசாரிக்காத ஆள் இல்லை. "எம்மவன் நைட் ஷிப்ட், இவ டே ஷிப்ட். மூஞ்சப் பாத்துக்கினாத்தானே புள்ள பொறக்கும்?" என்று அத்தை எல்லார் வாயையும் அடைத்துவிடுவார். நோயைப் பற்றி மூச்சுவிடவில்லை. தெரிந்தால் சீக்காளியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று தன் மகனைப் பேசுவார்கள் என்ற பயம் அவருக்கு.

மகள் பிறந்தாள். எனக்கு அம்மா இல்லை, அதனால் பிள்ளை பெற்ற என்னைப் பார்த்துக்கொண்டதும் அத்தைதான். பிள்ளை பெற்றவளுக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாவிட்டால் தெருவே கேள்வி கேட்கும். அத்தை வாசலில் விறகு அடுப்பை மூட்டி, புகை நாலு வீட்டுக்குப் போகும்படி அண்டாவைக் காய்ச்சினார். குளியலறைக்குள் தூக்கி வந்து, கதவைச் சாத்தி, அவ்வளவு வெந்நீரையும் சாக்கடைத் துவாரத்தில் கொட்டினார். பிறகு குழாயைத் திறந்து எனக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றினார். "கத்துடி, அய்யோ சுடுதுன்னு நல்லா கத்து. பக்கத்தூட்டு அக்கா காதுல உழ வோணாம்?" என்று காதோடு சொன்னார். நான் கத்தினேன். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. தினமும் இதே கூத்துதான்.

மகள் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய சமயத்தில் நோய் திரும்பியது. காலையில் பிள்ளையைத் தூக்கப் போனேன், வலது கைக்கு அவள் உடம்பு தெரியவேயில்லை, காலும் துவண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். கால் தேறியது, கை தேறவில்லை. நர்சுகள் போன பிறகு அத்தை டாக்டரிடம் கேட்டார்:

"சார், நான் பச்சத் தண்ணி ஊத்திக்கினு இருந்தேன். அதுல குளிரு உள்ள பூந்துதான் இப்டி ஆயிடுச்சா?"

"இல்லம்மா, நீங்க செஞ்சதுதான் சரி. இந்த நோய் அப்படித்தான்."

அத்தை தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை. நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். என் கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே, "ஒரு நாளாவது சுடச்சுட ஊத்தியிருக்கலாம்" என்பார். அவர் எவ்வளவு அழுத்தித் தேய்த்தார் என்று எனக்குத் தெரியாது.

போன வருடம் அத்தை மார்வலியில் போய்விட்டார். உடலைக் குளிப்பாட்ட அந்த அண்டாவைத்தான் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மருமகள் முதலில் ஊற்ற வேண்டும் என்றார்கள். அழுகை வரவில்லை. எனக்குள் எல்லாமே அந்தக் கையைப் போல ஆகிவிட்டிருந்தது. தண்ணீருக்குள் கையை விட்டேன், ஒன்றும் தெரியவில்லை. ஒரு சொம்பு எடுத்து அத்தையின் காலில் ஊற்றினேன்.

பக்கத்து வீட்டு அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உன்ன எப்டிப் பாத்துக்கிச்சு உங்க அத்த! புள்ள பெத்தப்போ இதே அண்டாலதானே கொதிக்கக் கொதிக்க ஊத்துச்சு? நீ கத்துறது எங்க ஊடு வரைக்கும் கேக்குமே."

"ஆமாக்கா," என்றேன். "ரொம்ப சுட்டுச்சுக்கா."