மிஸஸ் ஹாகனின் மடியில் யார்?

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். பட்டப்பகலில், ஆள் நடமாட்டம் ஓயாத ஆஸ்பத்திரியில் எனக்கு நடந்தது இது.

அப்போது நான் அமெரிக்காவில், டுலூத் நகரில், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். மார்க் மட்டும் போதாது. நோயாளிகளோடு சம்பளமில்லாமல் வேலை பார்த்த அனுபவமும் வேண்டும். எனக்குக் கிடைத்த வேலை, வீட்டுக்குப் போகிறவர்களைச் சக்கர நாற்காலியில் வாசல்வரை தள்ளிக்கொண்டு போவது. நன்றாக நடக்க முடிந்தவரையும் தள்ளித்தான் விட வேண்டும், அங்கே அதுதான் விதி. ஆனால் நாடி பிடித்துப் பார்க்கக்கூட எனக்கு உரிமை கிடையாது. மொத்தத்தில் எடுபிடி.

பிப்ரவரி மாதம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மதியம் 2.10. நாலாவது மாடியில் மிஸஸ் ஹாகன் என்ற வயதான அம்மா. குருவி மாதிரி ஒல்லி. தள்ளினேன். நாற்காலி நகரவில்லை. குனிந்து பிரேக்கைப் பார்த்தேன். எடுத்துவிட்டுத்தான் இருந்தது.

"என்ன ஐவர், காலைல சாப்பிடலையா?" நர்ஸ் லொரெய்ன் என் பெயரைச் சொல்லிச் சிரித்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். நெற்றி வேர்த்துவிட்டது. லிஃப்ட் கதவு மூடியது.

"கண்ணு..." அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "மடில யாரோ உக்காந்திருக்காங்க. இறங்கச் சொல்லேன். மூச்சு முட்டுது."

எட்டிப் பார்த்தேன். போர்வை மட்டும்தான் இருந்தது. அதன் நடுவில் ஒரு குழி...

குழி அசைந்தது.

உடனே மேலேயே திருப்பிக் கொண்டுபோனேன். லொரெய்ன் நாடி, ஆக்சிஜன், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. வீட்டுக்குப் போற பதட்டம். கூட்டிட்டுப் போ."

"இல்ல, அவங்க மடியில..."

"ஐவர். இந்தப் படுக்கைக்கு அடுத்த ஆள் காத்திட்டிருக்கார்."

வாசலில் மகன் கர்ட் காரோடு நின்றார்.

"அம்மாவுக்கு மூச்சு முட்டுதாம். இன்னொரு தடவை காட்டிடலாமே..."

"நீ டாக்டரா தம்பி?"

நாற்காலியைக் கார் கதவோரம் நிறுத்தினேன்.

கர்ட் அம்மாவைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார். அந்த நொடியே நாற்காலி லேசாகி, காற்றில் தானாக உருண்டது. கார் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மிஸஸ் ஹாகனின் உதடு அசைந்தது.

இறங்கச் சொல்லேன்...

கார் போய்விட்டது. நான் பனியில் நின்றேன். வேறென்ன செய்ய?

மூன்று வாரம் கழித்து அவசரப் பிரிவில் கர்ட்டைப் பார்த்தேன். மூச்சு முட்டுகிறது என்று வந்திருந்தார்.

"அம்மா அன்னிக்கு வழியிலேயே போயிட்டாங்க," என்றார். "கார்ல யாராவது உக்காந்து பெல்ட் போடலன்னா மணி அடிக்கும்ல? அவங்களைப் புதைச்ச நாள்லேர்ந்து அடிக்குது. பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு. ஆனா அடிக்குது."

"இப்பவுமா?"

"இன்னிக்குக் காலைல நின்னுடுச்சு."

அவருடைய இரண்டு கைகளும் மடிக்கு மேலே அந்தரத்தில் நின்றன. கீழே வைக்க இடமில்லாதவர் போல...

டாக்டர் வந்து பார்த்தார். இதயம், நுரையீரல், எல்லாம் சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வாசல்வரை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன்.