சத்தம் வராத புல்லி

இன்ஜினின் கிராங்க் தண்டு ஒடிந்தது சூளகிரி ஏற்றத்தில். ஜீப்பின் பின்னால் சாமந்தி மூட்டைகள். மேலே கொத்தமல்லி. பெங்களூர் மார்க்கெட்டில் ஏலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் விலை. அன்றைக்குப் போய்ச் சேரவில்லை.

அந்த வழியாகக் குவாரி முதலாளியின் வண்டி வந்தது. ஜீப் வாங்குவதற்கு முன் நான் கல் உடைத்தது அவரிடம்தான். கண்ணாடியை இறக்கினார்.

"ஆச்சாப்பா உன் ரேஸு? ஒன் சம்மட்டி அங்கியே கெடக்குது. திங்கக்கிழம வந்துடு."

"வரல மொதலாளி."

"வருவ. எங்க போயிடப் போற."

போய்விட்டார்.

ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் அது. வேகத்துக்காகவே ஹெட்டைச் சீவி, சிலிண்டரைப் போர் போட்டுப் பெரிதாக்கி, இரண்டு கார்புரேட்டர் வைத்துக் கட்டியது. லோடோடு ஏற்றத்தில் லாரிகளைத் தாண்டும். அதனால்தான் பூக்காரர்கள் எனக்கு லோடு கொடுத்தார்கள்.

ஓசூரில் பாகலூர் ரோட்டு ஷெட்டில் இன்ஜினைப் பிரித்தோம். கண்ணு பட்டுவிட்டது, பூசணிக்காய் சுத்தி உடை என்றார் மேஸ்திரி. நான் கிராங்கின் முன்முனையில் பெல்ட் ஓட்டும் புல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜைக்கு என் சம்சாரம் அதன்மேல் மூன்று கோடு பட்டை போட்டிருந்தாள். விபூதி நிற்காது என்று வெள்ளை பெயிண்டில் போட்டாள்.

அந்தப் புல்லி ஒரே இரும்பு இல்லை. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இருப்பதுபோல நடுவில் ஒரு குடம். அதைச் சுற்றி ரப்பர். ரப்பருக்கு வெளியே கனமான வளையம். கோடு போட்டபோது குடத்திலிருந்து வளையம்வரை நேராக ஓடியது. இப்போது குடத்துக் கோடு ஓரிடத்தில், வளையத்துக் கோடு இரண்டு விரல் தள்ளி.

"மேஸ்திரி, வளையம் நவுந்துருக்குது."

"நவுந்தா என்ன? பெல்ட்டு சுத்துச்சில்ல?"

சுற்றியதுதான். ஆனால் சில நாட்களாக அறுபதைத் தொடும்போது ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் வரும். எழுபதில் போய்விடும். இப்போது விளங்கியது. சிலிண்டர்கள் மாறி மாறி அடிக்கும்போது கிராங்க் முறுக்கிக்கொண்டு திரும்பும், ஈரத்துணியைப் பிழிந்து விடுவதுபோல. அதை அடக்கத்தான் வளையமும் ரப்பரும். ரப்பர் விட்டுப்போனால் அடக்க ஆள் இல்லை. கிராங்க் ஒடியும்.

வேறு கிராங்க் ஒன்று கிடைத்தது. அதுவும் ஒடிந்தால் இன்னொன்று தேட எனக்குத் தெம்பு இல்லை. சம்மட்டிதான்.

கிருஷ்ணகிரியில் பழைய இரும்புக்கடை பாயிடம் போனேன். அதே ரக இன்ஜினின் புல்லி இரண்டு, மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது, வைத்திருந்தார். ஒன்று பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். இன்னொன்று துரு. இரண்டையும் மடியில் வைத்து ரப்பரில் நகத்தால் அழுத்தினேன். திருப்பினேன். மறுபடி அழுத்தினேன்.

"என்னாண்ணா, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குற? பஜ்ஜி சொல்லட்டா?"

"இருங்க பாய்."

பெயிண்ட் அடித்ததன் ரப்பர் கல்லாக இருந்தது. பெயிண்டுக்குக் கீழே மயிர் மயிராக வெடிப்பு. துருப்பிடித்ததில் நகம் இறங்கியது. எடுத்ததும் பள்ளம் மேலே வந்துவிட்டது.

"இது குடுங்க."

"அத ஒருத்தனும் சீண்டுனதில்ல. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஷெட்டுக்கு வந்தான். சம்சாரத்தின் தம்பி. தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன். துண்டில் சுற்றி ஒரு புல்லி கொண்டுவந்தான். முழு இரும்பில், ஒரே கட்டியாகக் கடைந்தது. முகம் பார்க்கலாம். பெஞ்சில் தூக்கிப் பிடித்து ஸ்பேனரால் தட்டினான். கணீர் என்றது.

"கேட்டீங்களா மாமா? கோயில் மணி. ரப்பரு கிப்பரு ஒன்னும் இல்ல, அந்து போறதுக்கு."

ஷெட்டில் இருந்தவர்கள் பாதிப்பேர் குவாரிப் பக்கத்து ஆட்கள். மேஸ்திரியும் அப்படித்தான். நாங்கள் கல்லைத் தட்டித்தான் எடுப்போம். கணீர் என்றால் முழுக்கல். தொப்பென்றால் உள்ளே விரிசல். மேஸ்திரி என் துருப் புல்லியைத் தட்டினார். தொப்பென்றது.

"விரிசல் கல்லுப்பா இது. காது கேக்கலியா ஒனக்கு?"

"அது கல்லு இல்ல மேஸ்திரி."

"பின்ன என்ன, மெத்தையா?"

"அடிச்ச அடிய அது முழுங்குது. அதான் சத்தம் வரல. எனக்கு முழுங்குறதுதான் வேணும்."

மச்சான் முகம் மாறியது. "அப்ப நான் லீவு போட்டுக் கடஞ்சது?"

"நல்லா கடஞ்சிருக்கற. எனக்கு வேணாம்."

"அக்காகிட்ட சொல்லட்டா?"

"சொல்லு."

துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். பிறகு தன் பட்டறையில் சாப்பாட்டு மணியாகக் கட்டித் தொங்கவிட்டான் என்று கேள்விப்பட்டேன். மணிக்கு நல்ல சாமான்தான்.

மேஸ்திரி கையை விரித்துவிட்டார். "இத என் கையால மாட்ட மாட்டேன். நாளைக்கி ஒடிஞ்சா எம்பேரு கெடும்."

"நான் மாட்டிக்கிறன்."

"இந்தா, அப்ப இதையாவது புடி." சுத்தியலை நீட்டினார்.

வாங்கவில்லை. வளையத்தில் அடி விழுந்தால் ரப்பர் கெடும். நடுவில் போல்ட்டைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி உள்ளே இழுத்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. யாரும் டீக்குக்கூடக் கூப்பிடவில்லை.

வீட்டில் சம்சாரம் சோற்றை வைத்துவிட்டு நின்றாள்.

"எந்தம்பி செஞ்சது ஒனக்கு ஆகாதா?"

"வண்டிக்கு ஆகாது."

சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் நான் வண்டி எடுக்கிற அன்றைக்குப் பெயிண்ட் டப்பாவோடு வந்தாள். துருப் புல்லிமேல் குடத்திலிருந்து வளையம்வரை மூன்று கோடு போட்டாள். இந்தத் தடவை பூஜை எதுவும் இல்லை.

"கோடு நவுந்துச்சுன்னா எந்தம்பிது மாட்டணும். சரியா?"

"நவுராது."

"பாக்கலாம்."

சூளகிரியில் முழு லோடு ஏற்றினேன். ஏற்றத்தில் மிதித்தேன். அறுபது வந்தது. ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடிக்காமல் விரல் நுனியை மட்டும் வைத்திருந்தேன். நடுக்கம் இல்லை. கிராங்க் ஒடிந்த இடத்தைத் தாண்டினேன். கல் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் முனகிக்கொண்டு போனது. தாண்டினேன்.

ஏற்றத்தின் தலையில் ஒரு டீக்கடை. குவாரி முதலாளி வண்டியை ஓரம்கட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு எதிரிலேயே கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பானெட்டைத் தூக்கினேன்.

"என்னப்பா, மறுபடியும் நின்னுடுச்சா?"

"நிக்கல மொதலாளி. நான்தான் நிறுத்தினன்."

குனிந்து பார்த்தேன். மூன்று கோடும் நேராக இருந்தன. பானெட்டை மூடினேன். டீ குடிக்கவில்லை. ஏலத்துக்கு நேரமாகிவிட்டது.