மேகத்தைத் தேடிப் போன அப்பா

போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர், சுவரோரம் கிடந்த பழைய டெலிபோன் ஒயரைப் பிடுங்கி, "இது இனி வேணுமாக்கா?" என்றார். வேண்டாம் என்றேன். அதன் முனை கருகியிருந்தது. யாரும் பார்க்கவில்லையே என்று முகர்ந்தும் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்து வாடை எங்கே இருக்கும்?

எங்கள் முதல் கம்ப்யூட்டரைக் கொன்ற இடி இன்டர்நெட்டும் வந்துகொண்டிருந்த அந்த ஒயர் வழியாகத்தான் இறங்கியது. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் டிசைன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. அதில் எத்தனை சாமிகளுக்கு ஒளிவட்டம் போட்டிருப்பேன்! ஒருவராவது காப்பாற்றியிருக்கலாம். பிறகு இரண்டு வருடம் வெறும் மேசைதான். அம்மா அதில் துணி மடித்து அடுக்கினாள்.

எனக்கு மெயில் போன கவலை. அப்பாவுக்கு மேகம் போன கவலை. அவர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். வெடிகளை வெயிலில் காயப்போட வேண்டும், நனைந்தால் போச்சு. இடி விழுவதற்கு முன்பு ஒருநாள், சாட்டிலைட் மேலிருந்து எடுத்த மேகப் படத்தை இன்டர்நெட்டில் காட்டியிருந்தேன். அதன்பின் அதைப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்பமாட்டார். படம் பட்டை பட்டையாக இறங்கும். இலங்கை தெரிவதற்குள் காபி ஆறிவிடும்.

மறுபடி கம்ப்யூட்டரும் பிராட்பேண்டும் வந்தது தீபாவளி சீசனில். நான் மெயிலைத் திறக்குமுன் அப்பா முதுகுக்குப் பின்னால் நின்றார். "தாயி, மொதல்ல மேகத்தைப் போடு."

போட்டேன். கடல் பக்கமிருந்து வெள்ளையாக ஒரு பெரிய திட்டு.

"நம்ம பக்கந்தான வருது?"

"அப்படித்தான் தெரியுதுப்பா."

அன்று காயப்போட்ட சரக்கையெல்லாம் மதியத்துக்குள் உள்ளே எடுக்கச் சொல்லிவிட்டார். பொழுது சாயும்வரை சுள்ளென்று வெயில். முதலாளி கத்தினாராம்: "கம்ப்யூட்டர்ல பொம்மை பாத்தா கம்பெனி நடத்துறீக? லோடு போகலேன்னா இனிமே வேலைக்கு வராதீக!"

நான் சொன்னதால்தானே என்று தட்டைத் தள்ளிவைத்தேன். அப்பாவோ சோற்றைப் பிசைந்தபடி, "அம்புட்டுப் பெரிய மேகம் எங்கன போயிருக்கும்?" என்றார்.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே மொபெட்டை எடுத்தவர் மதியம் திரும்பினார். முழங்கால்வரை கரிசல் சேறு.

"நம்மூருக்குக் கெழக்க, மல்லாங்கிணத்துல பேஞ்சிருக்கு தாயி! தெருவெல்லாம் தண்ணி. படம் பொய் சொல்லல, மேகந்தான் வழியில நின்னுருச்சு." வேலை போகப்போகிற மனிதரின் முகமா அது? தேர் பார்த்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி இருந்தார்.

திங்கட்கிழமை முதலாளியிடமும் இதையே சொல்லியிருக்கிறார். "மழையைத் தேடியா போனீக?" என்று சிரித்தாராம் அவர். லோடு ஒருநாள் தாமதமாகப் போனது. வேலை தப்பியது. அந்த வாரமே காலையில் வீட்டுக்குப் போன் வந்தது. முதலாளிதான். "அண்ணாச்சி இருக்காகளா? மேகம் எங்கன நிக்குதாம்?" பிறகு பட்டாசுக் கம்பெனி வேனுக்கு நிற்கும் பெண்களும் எங்கள் ஜன்னலில் கேட்க ஆரம்பித்தார்கள். நான் மெயில் பார்க்கக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்போது யாரும் ஜன்னலில் கேட்பதில்லை. மழை வருமா என்று அவரவர் போனே சொல்லிவிடுகிறது. வராவிட்டால் போனைத் திட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். நமக்குப் பெய்யாத மழை எங்கே போய்ப் பெய்தது என்று பார்த்துவர, யாரும் வண்டியை எடுப்பதில்லை.