ஒற்றைப்படை மாமா

முழங்காலுக்கு அடியில் தேய்ந்த ரப்பர் செருப்பு ஒன்றைக் கொடுத்து, குளத்தின் விளிம்பில் மண்டியிட்டு, மாமா பலகையைத் தண்ணீருக்குள் இறக்குகிறார். பலகையில் பதினேழு. நீந்தி வருகிறவன் அதைப் பார்த்து, குட்டிக்கரணம் போட்டு, சுவரை உதைத்துத் திரும்பும்வரை மாமா மூச்சு விடமாட்டார். அப்புறம் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்: "பார்த்துட்டான். போ ராசா, போ."

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல் என்றால் ஐம்பது மீட்டர் குளத்தில் முப்பது நீளம். தலை தண்ணீருக்குள் கிடக்கிறவனுக்கு எண்ணிக்கை எப்படியும் தவறும். அதனால் தொடங்கும் சுவருக்கு எதிர்முனையில் நீந்தும் பாதைக்கு ஒருவர் உட்கார்ந்து, இன்னும் எத்தனை பாக்கி என்று காட்ட வேண்டும். எதிர்முனை என்பதால் அவர் கைக்கு வருவதெல்லாம் ஒற்றைப்படை எண்கள்தான். இருபத்தொன்பது, இருபத்தேழு, இருபத்தைந்து என்று இறங்கி ஒன்றில் வந்து நிற்கும். இந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் பல வருடமாகச் செய்கிறவருக்கு "ஒற்றைப்படை" என்று பெயர் வைத்தது நான்தான். இப்போது அத்தைகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். "ஒத்தப்படை, சட்டை ரெண்டா எடுத்துக்கோங்க. ஒண்ணு போதும்னு நிக்காதீங்க."

பிழைப்புக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறார். அங்கேயும் மண்டிதான். இரண்டு முழங்காலும் காய்த்துக் கறுத்து, செருப்பின் அடிப்பக்கம் மாதிரி இருக்கும். நாய் இருக்கிற வீடு என்றால் முதலில் நாயிடம்தான் விசாரணை. "என்னடா, மீட்டர் ஓடுதா? நீயே சொல்லிடு, நான் குனிய வேண்டாம்."

ஒருமுறை பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் அவர் பலகைகளின் வரிசையைக் கலைத்து வைத்தேன். ஒன்பது வர வேண்டிய இடத்தில் ஐந்து வந்தது. கடைசி நொடியில் கவனித்து மாற்றினார். அடிக்கவில்லை. "வெளிய நிக்கறவனோட எவ்வளவு வேணா விளையாடு. உள்ள இருக்கறவனோட வேணாம்" என்றார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அடித்திருக்கலாம்.

எங்கள் ஊரில் சர்வதேசப் போட்டி நடந்தபோது அவருக்கு எட்டாம் பாதை கிடைத்தது. முதல் நாள் தகுதிச் சுற்று, மறுநாள் இறுதிச் சுற்று. ஒரு இறுதிச் சுற்றிலாவது பலகை பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. வெள்ளைக் கால்சட்டைக்கு அத்தை மூன்று தடவை இஸ்திரி போட்டாள்.

எட்டாம் பாதையில் ஒரு சின்னத் தீவுக்காரன். அவன் நாட்டில் ஐம்பது மீட்டர் குளமே கிடையாதாம், கடலில் பழகியவன். மற்ற ஏழு பேரும் முடித்துவிட்டு மூச்சு வாங்கியபோது அவனுக்கு இன்னும் ஐந்து நீளம் பாக்கி.

உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? பாட்டைப் போட்டார்கள்! தொலைக்காட்சியில் அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டதாம். நடுவர்கள் எல்லோரும் எழுந்து, வரிசை கட்டி, கை வீசி நடந்து வெளியேறினார்கள். கடைசி இரண்டு நீளத்துக்கு மணி அடிக்க வேண்டியவரும் மணியை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். பாதித் தலைக்கு முடி வெட்டிவிட்டுக் கடையைப் பூட்டுவார்களா? இவர்கள் பூட்டுவார்கள். நேரத்தைக் கருவி குறித்துக்கொள்ளும் என்கிறார்கள். சரி. ஆயிரத்து நானூறிலேயே முடிந்தது என்று நினைத்து அவன் நின்றுவிட்டால்? அத்தனை நிமிடமும் வீண். அவன் நீந்தவே இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

மாமா எழுந்திருக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த படிக்கட்டு அவர் தலைக்கு நேர் மேலே. கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவர் வேகமாக வந்தார்.

"எந்திரிங்க. வரிசை போகுதுல்ல?"

"போகட்டும் சார். இவனுக்கு அஞ்சு இருக்கு."

"கேமரால நீங்க மட்டும் தனியா உட்கார்ந்திருக்கீங்க. அசிங்கமா இருக்கு."

"அவனும்தான் சார் தனியா இருக்கான்."

கோட்டுக்காரர் யாரையோ கேட்கப் போனார். மாமா ஐந்து காட்டினார், மூன்று காட்டினார். அவன் தொடங்கிய முனைக்குப் போனான். மணி இல்லை, ஆள் இல்லை, பாட்டு மட்டும். நான் பயந்ததுதான் நடந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முடிந்துவிட்டதா என்று சுற்றிப் பார்த்தான்.

மாமா ஒன்றாம் எண் பலகையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். "முடியலடா! இங்க வா! இன்னும் என்கிட்ட வரணும், வா!"

அவனுக்கு நம் மொழி எங்கே தெரியப்போகிறது? கண்ணாடியை இறக்கினான். சுவரை உதைத்தான்.

அவன் முழுதும் நீந்தி முடித்தான். அவன் நாட்டுக்கு அது புதுச் சாதனை, செய்தியில் படம் வந்தது. மாமாவுக்கும் ஒன்று வந்தது: "ஒழுங்கு மீறல்" என்று அச்சடித்த கடிதம். ஒழுங்காக நடந்து வெளியே போனவர்களுக்கு நினைவுக் கேடயம். கேட்டால் "விடு, போ" என்கிறார். அவர் விடட்டும். அவன் அந்தக் கடைசித் திருப்பத்துக்கு வந்துகொண்டிருந்தபோது நடந்ததைப் பார்த்தவன் நான், விடமாட்டேன்.

கோட்டுக்காரர் திரும்பி வந்து கையை நீட்டினார். "கழுத்துல இருக்கற அனுமதி அட்டையைக் கழட்டிக் குடுங்க. நாளைக்கு ஃபைனலுக்கு நீங்க வர வேண்டாம்."

மாமாவின் இரண்டு கைகளும் தண்ணீருக்குள் பலகையைப் பிடித்திருந்தன. வருகிறவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எடுத்துக்கோங்க சார்" என்று கழுத்தை மட்டும் அவர் பக்கம் சாய்த்துக் கொடுத்தார்.