ஆணா பெண்ணா என்று கேட்ட கண்டக்டர்

தலைப்பிரசவத்துக்காக மகள் உத்திரமேரூரில் எங்கள் வீட்டில் இருந்தாள். நாள் நெருங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து என் கனவில் ஒரு கைக்குழந்தை வந்தது.

சாலவாக்கம் டவுன் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். கண்டக்டர், ஆணா பெண்ணா என்று கேட்கிறார். பெண்ணென்றால் இலவசம், ஆணென்றால் டிக்கெட். பிறக்குமுன் அதைச் சொல்வது சட்டப்படி குற்றம் என்கிறேன்.

"அதான் பொறந்து மடியில கீதே, சார்."

நான் சட்டத்தை விளக்கத் தொடங்க, குழந்தை வீறிட்டு அழுதது. விழித்துக்கொண்டேன்.

எதை யாரிடம் சொல்லக் கூடாது என்று வருவாய்த் துறையில் ஓய்வுபெறும்வரை தெரிந்துவைத்திருந்த நான், இதைப் போய் மனைவியிடம் சொன்னேன். கனவில் குழந்தை சிரித்தால் நல்லது, அழுதால் கெடுதல் என்பது அவள் கட்சி. மகளுக்கோ பிள்ளைக்கோ ஏதாவது ஆகிவிடுமோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளோ, கனவுக்குப் பலன் தலைகீழ், அழுதால்தான் நல்லது என்றார். ஒரே மனுவுக்கு இரண்டு உத்தரவு. சாப்பிட்டுவிட்டுப் பகலில் கண்ட கனவுக்குப் பலனே கிடையாது, மனு தள்ளுபடி என்று நான் முடித்துவைத்தேன்.

"நீங்க ராத்திரியில எங்க தூங்குறீங்க? ஒங்களுக்குப் பகல்தான் ராத்திரி" என்றாள் மனைவி. என் உத்தரவு அங்கேயே ரத்தானது.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. முதல் வேலையாகத் தெய்வங்கள் எல்லோரிடமும் காப்புக்கு விண்ணப்பம் போட்டுவிடுவார்கள். பிறகு குழந்தை வரிசை மாறாமல் தலையாட்டும், கை தட்டும், முத்தம் தரும். தாலாட்டுக்குக்கூட ஒரு பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள், அழுகைக்கு ஒதுக்கவில்லை. நான் பார்த்தவரை முறைப்படி நடந்துகொண்ட குழந்தை அது ஒன்றுதான்.

மகள் காதில் விழக் கூடாதென்று வீட்டில் அழுகை என்ற சொல்லுக்கே தடை. டிவி சீரியலும் நிறுத்தப்பட்டது. அந்த வகையில் கனவால் எனக்கு ஒரு லாபம்.

வலி எடுத்து மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிரசவ அறைக் கதவைத் திறந்த நர்ஸ், குழந்தை பிறந்துவிட்டது என்றார். என் மனைவி ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை.

"அழுதுச்சாம்மா?"

நர்ஸ் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். உள்ளேயிருந்து பஸ்ஸில் கேட்ட அதே வீறல். மகளும் நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் இவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பேத்தியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். அழுகை நிற்கவில்லை.

மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பொண்ணுதான். போயி அந்தக் கண்டக்டர்கிட்ட சொல்லிட்டு வாங்க."