யாரு கத்துனது?

"அய்யய்யோ!" என்று என் கணவர் ஜெகதீஷ் போட்ட கூச்சலில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதே எனக்கு மறந்துபோயிற்று. சென்னை அணிக்கு ஒரு விக்கெட் போய்விட்டது. மனிதர் தலையில் கை வைத்துச் சோபாவில் சரிவதற்குள் படிக்கட்டில் வெறுங்கால் சத்தம் தப்தப்பென்று ஏறி வந்தது. கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உடம்பு வெளியே, தலை மட்டும் உள்ளே, சாமுண்டீஸ்வரி அக்கா எட்டிப் பார்த்தார்.

"யாரு கத்துனது?"

"நான்தான்க்கா."

"நல்லாதான கீற தம்பி?"

"எங்க நல்லா இருக்கறது? அவுட்டு!"

"அவுட்டா? அட, அவ்ளோதானா," என்று பெருமூச்சு விட்டார். அதற்குள் மூன்றாவது மாடியிலும் யாரோ கத்தியது காதில் விழுந்திருக்க வேண்டும். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கே ஓடினார்.

முட்டி வலிக்கிறது என்று மற்ற நேரமெல்லாம் புலம்புகிறவர்தான். லிஃப்ட் இருக்கிறதே அக்கா என்றால், "அந்த டப்பாக்குள்ள பூந்துட்டா வெளிய யாரு கத்தறாங்கன்னு எப்டிமா கேக்கும்?" என்பார். வெள்ளானூரில் எங்கள் அடுக்குமாடியின் மதில்சுவரை ஒட்டியே அவருடைய ஒற்றைக்கூடத்து வீடு. இரண்டாவது மாடியில் இருக்கும் எங்கள் பால்கனியிலிருந்து குனிந்தால் அவர் வாசல் தெரியும். காலையில் நாலு மாடிப் படிகளையும் கூட்டித் துடைப்பது அவர் வேலை. ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம். வேலை நேரத்தில் புடவைக்கு மேல் ஒரு மஞ்சள் சட்டை போட்டுக்கொள்வார். சென்னை அணியின் சட்டை. முதுகில் நம்பர் பாதி உரிந்துபோயிருக்கும். குடியிருப்புப் பிள்ளைகள் அவரைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

புதிதாகக் குடிவருகிறவர்கள் சட்டையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எந்த பிளேயர் பிடிக்கும்?" என்று கேட்பதுண்டு. "நான் மேட்சே பாத்ததில்லமா. ஒரு பந்துகூட," என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தைத் தட்டுவார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும்போது டிவி இருக்கும் பக்கம் கன்னத்தில் கையை வைத்து மறைத்துக்கொள்வார். வெல்டிங் வெளிச்சத்துக்குப் பயந்தவர் போல. அவர் பார்ப்பது ஜெகதீஷை மட்டும். அதுவும் முகத்தைக்கூட இல்லை, நெஞ்சை.

எனக்குக் கிரிக்கெட் என்றாலே ஆகாது. ஏப்ரல் பிறந்தால் எங்கள் வீட்டில் குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. அதனால் ஆட்ட நேரத்தில் எட்டிப் பார்க்கும் ஒரு மனுஷி எனக்கு ஆறுதல்தான். மற்றவர்களுக்கு அப்படி இல்லை. மூன்றாவது மாடி கிருபாகரன், எங்கள் சங்கத்தின் செயலாளர், ஒருநாள் என்னை மாடிப்படியில் நிறுத்தினார்.

"மேடம், அந்தம்மா உங்ககிட்டதான் நல்லா பேசறாங்க. மேட்ச் நேரத்துல மேல வரவேணாம்னு பக்குவமா சொல்லிடுங்க. அவங்க வந்தாலே விக்கெட் போவுது."

"விக்கெட் போனப்புறம்தானே சார் அவங்க வர்றாங்க?"

"அது சரிதான். ஆனா வந்துட்டுப் போனா அடுத்ததும் போவுதே. அதுவும் புருஷன் இல்லாதவங்க..." என்று இழுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏதாவது சொல்லியிருப்பேன், பால்காரர் வந்துவிட்டார். அடுத்தவர் வாயால் அவருக்கு இது போய்ச் சேர்வதைவிட நானே சொல்லிவிடலாம் என்று மறுநாள் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கூடத்தில் ஒரு பழைய டிவி, மேலே துணி போட்டு மூடியிருந்தது. அதற்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் முதுகில் ஒரு துண்டு மடித்துத் தொங்கியது. நான் அதில் உட்காரப் போனேன். "இங்க குந்துமா," என்று பாயை விரித்தார்.

நான் சுற்றி வளைத்துச் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"அது ஒண்ணும் புச்சு இல்லமா. எங்க ஊட்லயே அப்டிதான்."

அவருடைய வீட்டுக்காரர் வேம்புலி, பாடியில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். அந்த மஞ்சள் சட்டை அவருடையதுதானாம். மேட்ச் நாளில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டோ, சம்பளமில்லாத லீவு போட்டோ, எப்படியாவது டாஸ் போடுவதற்குள் வீடு வந்துவிடுவாராம். மச்சான் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் ஆளைத் தேடினால், மண்டபத்துக்கு எதிர்க் கடையில் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாராம். "அன்னிக்குக் கோச்சிகினு போனவன்தான் என் தம்பி. இந்த வாசப்படி மிதிக்கல," என்றார் அக்கா.

"மொதல்ல ஒரு நாளு இவரும், கூட வேல செய்ற மோகனும் ராமனும் குந்திகினு பாக்கறாங்க. நான் டீ எடுத்துகினு வந்தேன். கேப்டன் அவுட்டு. அடுத்த மேட்சுக்கு சுண்டல் எடுத்துகினு வந்தேன். ஒருத்தன் அவுட்டு. 'அண்ணி, நீ கால் வெச்சா காலி'ன்னாரு மோகன். சிரிச்சிகினு சொன்னதுதாம்மா. அப்புறம் அதுவே சட்டமாப்பூடுச்சி. மேட்சு ஓடுச்சின்னா நான் சமையக்கட்டு. திரைய தாண்டி வரக்கூடாது."

"இத்தனை வருஷமாவா? உங்களுக்குக் கோவம் வரலையாக்கா?"

"வராம இன்னா? ஆனா நீ கேளு." கீரையைக் கீழே வைத்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "ஜெயிச்சிட்டாங்கன்னு வெச்சிக்கோ. 'சாமு, வெளிய வாமே'ன்னு ஒரு கொரல் குடுப்பாரு பாரு! நான் கைய தொடச்சிகினு வருவேன். என் கைல கீற கரண்டிய புடுங்கிகினு, மொத பந்துலேந்து கடசி பந்து வரிக்கும் நடிச்சிக் காட்டுவாரு. அவரே பௌலிங்கு, அவரே பேட்டிங்கு, அவரே அம்பயரு. சிக்ஸரு அடிச்சா அந்தக் கட்டில் மேல ஏறி நிப்பாரு. மத்த நாள்ல 'சோறு போடு', 'வெளக்க அமுத்து', இதான் பேச்சு. தோத்துட்டாங்கன்னா அதுவும் இல்ல, துண்ணாம கவுந்துக்குவாரு. எனக்கு எவன் ஜெயிச்சா இன்னா? அவரு கரண்டி புடிச்சி ஆடணுமே, அதுக்குதான் சாமி கும்புடுவேன். 'இன்னிக்கு மேட்ச்ச ஜெயிச்சது நீதான்மே'ன்னு வேற சொல்வாரு."

நான் என் போனை எடுத்தேன். "ஒரு சிக்ஸர் காட்டட்டுமாக்கா? பழைய மேட்ச். இனிமே யாரும் அவுட்டாக மாட்டாங்க."

யோசித்தார். பிறகு விரலிடுக்கு வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பந்து பறந்து போய்க் கூட்டத்தில் விழுந்தது.

"இவ்ளோதானா?" என்றார். "எங்க ஊட்டுக்காரரு அடிச்சது இத்தவிட ஒசரம்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் கீரையை மறுபடி எடுத்தார். எடுத்தாரே தவிர ஆயவில்லை. காம்பை விரலில் சுற்றிக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னார்.

"அன்னிக்கு நாயித்துக்கெழம. மத்தியான மேட்சு. மோகனும் வரல, ராமனும் வரல, இவரு மட்டுந்தான். நான் உள்ள மொளகா பஜ்ஜி போட்டுகினு கீறேன். 'ஐயோ'ன்னாரு. அப்பால இன்னொரு தபா 'ஐயோ'ன்னாரு. நான் இன்னா நெனச்சேன், எவனோ அவுட்டாயிட்டான்னு. எப்பவும் அப்டிதான கத்துவாரு? எட்டிப் பாக்கலாம்னு திர வரிக்கும் வந்துட்டேன்மா. திரைய கைல புடிச்சிட்டேன். நாம பாத்துத் தொலச்சா இன்னொருத்தனும் அவுட்டாயிடுவானேன்னு விட்டுட்டுப் போயிட்டேன்."

வெளியே ஏதோ லாரி பின்னால் வந்து திரும்பியது. அது போகும்வரை காம்பையே சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பால தெருவுல வெடி வெடிச்சாங்க. ஜெயிச்சிட்டாங்க. நான் கைய கழுவி, கரண்டிய நல்லா தொடச்சி எடுத்துகினு நின்னேன். கூப்புடுவாரு கூப்புடுவாருன்னு நிக்கறேன். கூப்புடல. 'இன்னா, வரட்டா?'ன்னேன். பேச்சு இல்ல. வெளாடறாருன்னுதான் நெனச்சேன்மா. எனக்குச் சிரிப்புகூட வந்துச்சி."

ஆஸ்பத்திரியில் டாக்டர், நெஞ்சுவலி வந்தவுடனே தூக்கி வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லையாம். முடிக்காவிட்டால் என்ன, புரியாமலா போகும்? எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் அழவில்லை. கூடத்து நாற்காலியில் தொங்கிய துண்டை எழுந்து போய்ச் சரியாக மடித்துப் போட்டுவிட்டு வந்தார்.

"அதாம்மா. யார்னா கத்துனா எனக்குக் கால் நிக்க மாட்டேங்குது. அவுட்டுன்னு சொல்லிட்டாங்கன்னா போதும், நிம்மதியாக்கீது. செகரட்டரி சார்கிட்ட சொல்லு, நான் டிவிய பாக்கவே மாட்டேன்னு. ஆளத்தான் பாப்பேன்."

கிளம்பும்போது கேட்டார். "நேத்து ஜெயிச்சாங்களாமே?"

"ஆமாக்கா. ஆறு விக்கெட்டுல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். எனக்கு அதற்கு மேல் என்ன தெரியும்? ஜெகதீஷ் கத்தியது தெரியும், அவ்வளவுதான். பாவி, ஒரு சிக்ஸரையாவது நின்று பார்த்திருக்கக்கூடாதா என்று என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று சாயங்காலம் ஜெகதீஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரிமோட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஆட்டத்தில் முதல் விக்கெட் போனது. வழக்கம்போல் கத்தினார், அந்த வாயை யாராலும் மூட முடியாது. ஆனால் கத்திய வேகத்திலேயே பால்கனிக்கு ஓடினார்.

"அக்கா! அவுட்டு! நான் நல்லா கீறேன்!"

சேலத்துக்காரர் பேசிய மெட்ராஸ் பாஷையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு. கீழே படியில் கால் வைத்திருந்த அக்கா அண்ணாந்து பார்த்தார். கையைத் தூக்கி ஆட்டினார். முட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அதன்பிறகு அது தொற்றிக்கொண்டது. நாலாவது மாடியில் இருக்கும் ஐ.டி. பையன்கள் குரல் கொடுத்தார்கள். முதல் மாடியில் தனியாக இருக்கும் ரிட்டயர்டு ஆசாமி ஜேம்ஸும் குரல் கொடுத்தார். ஜெகதீஷ் கிருபாகரனிடம் போய் என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் மூன்றாவது மாடியிலிருந்து, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல், "மூணாவது மாடி, எல்லாரும் நல்லாருக்கோம்மா!" என்று ஒரு கனத்த குரல் வந்தது. அந்த மனிதர் மேல் இருந்த கோபத்தில் பாதி எனக்கு அன்றைக்குப் போய்விட்டது. மீதியை வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமையும் மத்தியான ஆட்டம்தான். நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லா மாடியிலிருந்தும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்று கிளம்பியது. வெயிலில் அக்கா ஓடி வந்து மதில் திறப்பில் நின்றார், மஞ்சள் சட்டையோடு. ஜெகதீஷ் சொன்னார். மூன்றாவது மாடி சொன்னது. நாலாவது மாடிப் பையன்கள் சொன்னார்கள். ஜேம்ஸ் குரல் மட்டும் வரவில்லை. அக்காவின் முகம் மாறுவது மேலிருந்தே எனக்குத் தெரிந்தது. படிக்கட்டுக்கு ஓடிவிட்டார்.

"சாமுண்டி! இங்கதாம்மா கீறேன்! பாத்ரூம்ல இருந்தேன்!" என்று ஜேம்ஸ் முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டப் பால்கனிக்கு வந்தார்.

நாலு மாடியும் சிரித்தது. அக்காவும் படியிலிருந்து இறங்கி வந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள், அடுத்த பந்து போடப் போகிறார்களே. நான் மட்டும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

அவர் தன் வீட்டுக்குத் திரும்பினார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே போகவில்லை. நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உடம்பு வெளியே, தலை மட்டும் உள்ளே, எட்டிப் பார்த்தார்.